வயர்லெஸ் மாட்டினது நான்தான்

அதை ஆட்டாதீர்கள். ஆட்டினால் சிக்னல் வராது. ஜன்னலுக்கு வெளியே நீட்டினாலும் வராது. கீழே விழும், அவ்வளவுதான். ஆழியாறு தாண்டினதுமே போய்விட்டது. இனி நாற்பதாவது வளைவு ஏறின பிறகுதான். பையில் போடுங்கள்.

இது மூன்றாவது வளைவு. நான் எண்ணிக்கொண்டு வருகிறேன். பலகை இருக்கிறது, தெரியும். பலகை வைத்தவன் தப்பாக வைத்திருக்கலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேச்சு கம்மி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஊர் எது, பேர் என்ன என்று விசாரிக்கிற பழக்கம் கிடையாது. நீங்களும் விசாரிக்க வேண்டாம். ஞானப்பிரகாசம். வால்பாறைக்கு மேலே மந்திமட்டம் எஸ்டேட். ஆஸ்பத்திரி ஜீப் டிரைவர், முப்பத்தொரு வருஷம். இப்போது ரிட்டையர். போதுமா?

அந்த போனை ஆட்டினீர்களே, அதனால்தான் வாயைத் திறந்தேன். நானும் ஒரு பெட்டியை ஆட்டியிருக்கிறேன். தட்டியிருக்கிறேன். ஒரு தடவை உதைத்தேன். அப்புறம் அது என்னை உதைத்தது. அந்தக் கதை வேண்டாம்.

சரி, கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

ஒரு வருஷம் எங்கள் எஸ்டேட்டில் ஆனை உபத்திரவம் அதிகமாயிற்று. தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டின லயத்து வீடுகளின் சுவரை இடித்தது. ரேஷன் கடைக் கதவைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அரிசியைத் தின்றது. துரை உடனே ஒரு முடிவு பண்ணினார். மேனேஜரை நாங்கள் துரை என்போம். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருஷமாயிற்று. அந்தப் பேர் மட்டும் போகவில்லை. அப்போதிருந்த துரை கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். வண்டிகளுக்கெல்லாம் வயர்லெஸ் செட் மாட்டுவது என்று முடிவு. ஆனை எங்கே நிற்கிறது என்று வண்டியில் இருப்பவனுக்கு ஆபீசிலிருந்து சொல்ல வேண்டும். வண்டிக்காரன் எந்த இடம் தாண்டினாலும் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும்.

துரை ஜீப்பில் ஒன்று. தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லாரியில் ஒன்று. என் ஆஸ்பத்திரி ஜீப்பில் ஒன்று. நாலாவது ஃபேக்டரி ஆபீசில், டெலிபோன் போர்டுக்குப் பக்கத்தில். எல்லா வண்டியும் அந்த நாலாவது பெட்டியோடுதான் பேச வேண்டும். அங்கேதான் எனக்கு இடித்தது. டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தவள் என் மகள். லூர்து.

அவளோடு நான் பேசி அப்போது நாலு வருஷம்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானும் இப்போது சிரிக்கிறேன். அவள் கட்டிக்கொண்டவன் அமலதாஸ், ஃபேக்டரி ஃபிட்டர். சாதி ஒன்றுதான். கோயில் ஒன்றுதான். குடி கிடையாது, பீடி கிடையாது. எல்லாம் சரி. வேறு யூனியன்.

எங்கள் எஸ்டேட்டில் யூனியன் இரண்டு. மேட்டு ஆபீஸ், பள்ளத்து ஆபீஸ். நான் மேடு. அவன் அப்பன் பள்ளத்துக்குத் தலைவர். ஒரு ஸ்ட்ரைக்கில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம். பத்தொன்பதாம் நாள் பள்ளம் எழுந்து வேலைக்குப் போயிற்று. மேடு இருபத்து மூன்றாம் நாள் போயிற்று. கிடைத்தது இரண்டு பேருக்கும் ஒன்றேதான். இருந்தாலும் நாலு நாள் நாலு நாள்தானே? அந்த நாலு நாளுக்காக நாலு வருஷம் பேசவில்லை. ஒரு நாளுக்கு ஒரு வருஷம் வீதம்.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை கழுவினேன். ஒரு பேரன் பிறந்தான். அவனையும் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. போர்த்தியிருந்தார்கள், மூக்குகூடத் தெரியவில்லை.

ஒன்பது. அதோ பாறையில் வரையாடு நிற்கிறது, பாருங்கள். பார்த்தது போதும்.

செட் மாட்டுவதற்குக் கோயமுத்தூரிலிருந்து ஒரு ஆள் வந்தார். கழுத்தில் டை. கையில் டிரில்.

"ரூஃப்ல ஒரு ஓட்ட போடணுங்க, ஆன்டெனாவுக்கு" என்றார்.

"எதுல?"

"வண்டி ரூஃப்லங்க."

"உங்க வீட்டு ரூஃப்ல போட்டுக்கங்க."

"வாஷர் வெச்சு டைட் பண்ணிருவனுங்க. ஒரு சொட்டு எறங்காது."

"இங்க பெய்யற மழையப் பாத்திருக்கீங்களா? உள்ள படுத்திருக்கறது பிரசவக் கேஸு. அது மூஞ்சியில சொட்டுச்சுன்னா கோயமுத்தூர்ல இருந்து வந்து தொடைப்பீங்களா?"

துரை வந்தார். "என்னய்யா ஞானம், என்ன பிரச்சினை?"

"ஒண்ணுமில்ல துரை. இத நானே மாட்டிக்கறேன். ஹெட்லைட்டு, ஹாரன், டைனமோ, எல்லாம் இந்த வண்டிக்கு நான் மாட்டினதுதான். இது என்ன பெரிய இது."

"செய்வியா?"

"பாருங்க."

டைக்காரருக்குச் சந்தோஷம். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு பிஸ்கட் அட்டையின் பின்னால் நாலு கோடு போட்டு, இது இங்கே, அது அங்கே என்று காட்டிவிட்டு ஓடினார். கோடு போட்ட அட்டையை நான் அவர் போனதும் அடுப்பில் போட்டேன். அட்டை பார்த்து வேலை செய்கிறவனா நான்?

வயர்லெஸ் என்று பேர்தான். பெட்டியைப் பிரித்தால் உள்ளே முழுக்க வயர். பேட்டரியிலிருந்து நேராகச் சிவப்பு, நடுவில் ஃபியூஸ். கறுப்பு வயரைப் பாடியில், பெயிண்டைச் சுரண்டிவிட்டு முடுக்கினேன். ஆன்டெனாவை முன்பக்கத்து பம்பரில் கிளாம்ப் போட்டு நிறுத்தினேன், ஓட்டை இல்லை. டாஷ்போர்டுக்குக் கீழே பெட்டி. கைக்கு எட்டுகிற மாதிரி மைக்குக்கு ஒரு கொக்கி. ஜீப் இரைச்சலில் பெட்டியோடு இருக்கிற சின்ன ஸ்பீக்கர் கேட்காது என்று தனியாக ஒரு பெரிய ஸ்பீக்கர் கொடுத்திருந்தார். அதை என் தலைக்குப் பின்னால் மாட்டினேன். அதன் வயரை சீட்டுக்கு அடியில் விட்டு, முனையில் இருந்த பின்னைப் பெட்டியின் முதுகில் செருகினேன். கழற்றி வைத்த சீட்டைத் திரும்ப வைத்து போல்ட்டை முறுக்கினேன்.

நான் போல்ட் முறுக்கினால் முறுக்கினதுதான். இன்னொருத்தன் கழற்ற முடியாது. அதில் எனக்கு ஒரு கர்வம். அந்த போல்ட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. மைக்கை அமுக்கினால் சிவப்பு எரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. கரகரப்புகூட இல்லை. தட்டினேன். ஆட்டினேன். குமிழைக் கடைசி வரைக்கும் திருகினேன். உதைத்தேன் என்று சொன்னேனே, அது இப்போதுதான்.

வெளியே துரை நிற்கிறார். "வேலை செய்யுதா?"

"பிரமாதம், துரை."

அந்த ஒரு வார்த்தை. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பேச்சு கம்மியான ஆளுக்கு வாயிலிருந்து வருகிற ஒன்றிரண்டும் இப்படித்தான் வரும்.

உண்மையைச் சொல்கிறேன். பெட்டி செத்துப்போனதில் எனக்கு நிம்மதி. அது உயிரோடு இருந்தால் அவள் குரல் வரும். 'ஆஸ்பத்திரி ஜீப், எங்க இருக்கீங்க, ஓவர்' என்று கேட்பாள். பதில் சொல்ல வேண்டும். சொன்னால் பேசியதாகிவிடும். பேசினால் மேட்டு ஆபீசில் என்ன நினைப்பார்கள்? மேட்டு ஆபீசில் அதைப் பற்றி நினைக்க ஒருத்தனும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் வேலை செய்கிற மாதிரி காட்டிக்கொள்ள வேண்டுமே. என் பக்கத்தில் எந்நேரமும் கம்பவுண்டர் தங்கய்யா உட்கார்ந்திருப்பார். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், திருநெல்வேலி. ஒவ்வொரு இடமாகத் தாண்டும்போது மைக்கை எடுத்து, "ஆஸ்பத்திரி ஜீப், பதினாலாம் நம்பர் காடு தாண்டியாச்சு, ஓவர்" என்பேன். எஸ்டேட்டில் தேயிலை நிற்கிற ஒவ்வொரு பாத்திக்கும் நம்பர் உண்டு, அதைக் காடு என்போம். சொல்லிவிட்டு, கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்து, "சரி, சரி, ஓவர்" என்பேன்.

தங்கய்யா ஒரு நாள் கேட்டார். "என்ன வே, அந்தப் பக்கம் என்ன சொல்லுதாங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

"வண்டி இரைச்சல்ல உமக்குக் கேக்காது. எனக்குப் பழக்கம்."

"அது சரி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கிற்று. ரோடு மோசம் என்று நினைத்தேன்.

பதினாலு.

அப்புறம் என்ன ஆயிற்று என்றால், தங்கய்யா இறங்கின பிறகும் மைக் என் கையிலேயே இருந்தது. தனியாக வண்டி ஓட்டுகிறோம், கையில் மைக் இருக்கிறது, பெட்டி செத்தது. யாருக்கு நஷ்டம்? ஒரு நாள் துரையைத் திட்டினேன். மனிதர் ஜீப் ஓட்டும்போது கிளட்ச் மேலிருந்து காலை எடுக்கவே மாட்டார். "கிளட்ச் என்ன கால் வைக்கிற பலகையா, ஓவர்" என்று திட்டினேன். நெஞ்சு லேசாயிற்று. மறுநாள் லாரி டிரைவரைத் திட்டினேன். அடுத்த நாள் திட்ட ஆளில்லை, முட்டு வலியைப் பற்றிச் சொன்னேன். அப்புறம் பழகிவிட்டது. காலையில் போகும்போது கொஞ்சம், சாயங்காலம் திரும்பும்போது கொஞ்சம். மழை வந்தால் கூடக் கொஞ்சம். பாட்டுகூடப் பாடினேன், கோயில் பாட்டு. கீழ் ஸ்தாயியில் நன்றாகவே பாடுவேன்.

ஐந்து மாசம். ஜூனிலிருந்து அக்டோபர் வரைக்கும். என் கல்யாணத்திலிருந்து அன்றுவரை நான் பேசினது எல்லாம் சேர்த்தால் அந்த ஐந்து மாசத்தில் பாதிகூட வராது.

இப்போது சொல்லும்போது உங்களுக்குப் புரிகிறது, இல்லையா? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்குப் புரியவில்லை. கேளுங்கள், எவ்வளவு கெட்டியான மண்டை என்று.

முட்டு வலி என்று மைக்கில் சொன்னேனா, மறுநாள் தங்கய்யா ஒரு தைலப் பாட்டிலை நீட்டினார். "சும்மா வெச்சுக்கிடும் வே." நல்ல மனிதர், முகத்தைப் பார்த்தே நோயைக் கண்டுபிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். துரை திடீரென்று கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டார். வயதாக ஆகப் புத்தி வருகிறது என்று நினைத்தேன். லூர்து வைக்கிற நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு மாதிரி என் சம்சாரத்துக்கு வைக்கத் தெரியவில்லை என்று ஒரு நாள் பெட்டியிடம் சொன்னேன். இரண்டாம் நாள் ராத்திரித் தட்டில் அதே குழம்பு.

"இது உன் கையா?" என்று கேட்டேன்.

"பின்ன யார் கை? தின்னுங்க" என்றாள் செபஸ்தி.

தின்றேன். இத்தனை வருஷம் கழித்து இவளுக்கும் சமையல் வந்துவிட்டதே என்று ஆச்சரியப்பட்டேன்.

அந்தப் பேரன் பயலுக்குப் பல் முளைத்ததா இல்லையா என்று கேட்க எனக்கு நாதியில்லை என்றும் ஒரு நாள் சொன்னேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, செபஸ்தி சொல்கிறாள், "கீழ ரெண்டு."

"என்ன கீழ ரெண்டு?"

"பல்லு."

"நான் கேட்டேனா?"

"கேக்கல" என்று உள்ளே போய்விட்டாள்.

இன்னொன்று. வயர்லெஸ் இருக்கும்போது எனக்கு வருகிற வேலையெல்லாம் ஏன் ஆஸ்பத்திரி டெலிபோனில் வருகிறது? ஏன் தங்கய்யா ஓடி வந்து சொல்கிறார்? ஒரு தடவையாவது யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. பேசவே நேரம் பற்றவில்லை.

பதினெட்டு. இல்லை, பத்தொன்பது. பார்த்தீர்களா, உங்களால் ஒன்றைக் கோட்டை விட்டேன்.

இதைச் சொல்லவா வேண்டாமா? சொல்கிறேன். இனி உங்களை எங்கே பார்க்கப் போகிறேன்.

அக்டோபரில் பேரனுக்கு முதல் பிறந்தநாள். செபஸ்தி சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். "நீங்க?" என்றாள். "டூட்டி" என்றேன். ஞாயிற்றுக்கிழமை. ஜீப்பை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டின் மேல் டிவிஷன் வரைக்கும் போய் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தினேன். நல்ல மழை. கீழே லயத்தில் கலர் காகிதம் தொங்கவிட்டிருப்பது மேலேயிருந்து தெரிந்தது. மைக்கை எடுத்தேன். வைப்பரை நிறுத்தினேன். அப்புறம் சொன்னேன்: "நான் வந்தா யாரும் போன்னு சொல்ல மாட்டாங்க. அது எனக்குத் தெரியும். எப்படி வர்றதுன்னுதான் தெரியல. ஓவர்."

ஓவர் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். செத்த பெட்டி என்ன சொல்லும்? இருந்தாலும் காத்திருந்தேன். ஓவர் சொன்னால் காத்திருக்க வேண்டும். அது அதன் முறை.

மூக்கு ஒழுகுகிறது. இந்தக் குளிர் ஒத்துக்கொள்வதில்லை. அந்தக் கண்ணாடியை இழுத்து விடுங்கள்.

அடுத்த வாரம், செவ்வாய். மேல் டிவிஷனில் ஊசி போட்டுவிட்டு நானும் தங்கய்யாவும் திரும்புகிறோம். மணி நாலே முக்கால். வெண்மூட்டமாக மிஸ்டு. வழக்கமான ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. "இருபத்திரண்டாம் நம்பர் காட்டுக் குறுக்கு வழியில வர்றேன், ஓவர்" என்று சொல்லிவிட்டுத் திருப்பினேன்.

முந்நூறு அடி போயிருக்க மாட்டோம். ஃபேக்டரிச் சங்கு ஊதிற்று.

இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் எஸ்டேட்டில் சாயங்காலச் சங்கு ஐந்து மணிக்கு. அதை வைத்துத்தான் நான் வாட்சைச் சரி பண்ணுவேன். சங்கு ஊதினால் எந்த இடமானாலும் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, வாட்சைப் பார்ப்பேன். ஓடுகிற வண்டியில் வாட்சைத் திருகுவது எனக்குப் பிடிக்காது. பிரசவக் கேஸ் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. லூர்து சின்ன வயசில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது, சங்கு ஊதினதும் "அப்பா, வாட்ச்!" என்று கத்துவாள்.

பிரேக்கைப் போட்டேன். எஞ்சினை அணைத்தேன். வாட்சைப் பார்த்தேன். நாலு நாற்பத்தொன்பது.

"சங்கு தப்பு" என்றேன்.

"உம்ம வாட்சு தப்பு" என்றார் தங்கய்யா.

"என் வாட்சா? நேத்துச் சங்குக்குத் திருகினது வே இது!"

"பதினோரு நிமிசம் நின்னுருக்கும். கிழட்டு வாட்சு."

சங்கு நிற்கவில்லை. ஊதிக்கொண்டே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக்கை எடுத்தேன். "எந்த மடையன்டா சங்கு பக்கத்துல உக்காந்திருக்கறது? நேரம் பாக்கத் தெரியாதா? ஆயிரம் பேர் இத நம்பி அடுப்புப் பத்த வெக்கிறான்! ஓவர்!" அப்படியே கொஞ்சம் நீட்டினேன். அதெல்லாம் உங்களிடம் சொல்ல முடியாது.

தங்கய்யா என் கையைப் பிடித்தார். பிடி இரும்பு மாதிரி இருந்தது. "பேசாதேயும்" என்றார். வாயால் இல்லை, உதட்டால்.

எதிரே வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு கிளை முறிகிற சத்தம். மிஸ்டுக்குள்ளிருந்து ஒரு பாறை நகர்ந்து ரோட்டுக்கு வந்தது. பின்னால் இன்னொன்று. நடுவில் ஒரு குட்டி. மொத்தம் ஐந்து. எண்ணினேன், எண்ணுவதுதான் எனக்குத் தெரியுமே. எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவில் இந்த பஸ் நீளம் மூன்று வைக்கலாம், அவ்வளவுதான். பெரியது நின்று எங்கள் பக்கம் காதை விரித்தது. அப்புறம் குட்டியைத் துதிக்கையால் தள்ளிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிற்று. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், அதே வேகத்தில் அந்த வளைவைத் திரும்பியிருந்தால், இந்தக் கதையை உங்களுக்கு யாராவது வேறு ஆள்தான் சொல்ல வேண்டும்.

கால் மணி நேரம் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் வண்டியை எடுத்தேன்.

"நேரா ஃபேக்டரிக்குப் போறேன்" என்றேன். "சங்கு ஊதினவன விடப் போறதில்ல."

தங்கய்யா என்னையே பார்த்தார். "அந்தச் சங்காலதான வே பொழச்சோம்?"

"அது வேற விஷயம். நேரம் நேரந்தான்."

இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று நினைக்கிறீர்கள். இருந்தான். இருபத்தேழு. தண்ணீர் இருக்கிறதா? கொடுங்கள்.

ஃபேக்டரி வாசலில் ஜீப்பை நிறுத்தி, தங்கய்யாவை அதிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். சங்கு போடுகிற பொன்னுராசு வாசலிலேயே நின்றான். "என்னைத் திட்டாதீங்கண்ணே, டெலிபோன் போர்டு ரூம்லருந்து ஊதுன்னு கத்துனாங்க, ஊதுனேன்" என்றான். போர்டு ரூம் என்றால் யார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு இருந்த கோபத்தில் நாலு வருஷம் மறந்துபோயிற்று. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

லூர்து நின்றுகொண்டிருந்தாள். கையில் மைக். முகமெல்லாம் ஈரம். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அவள் அம்மாவுக்கும் அப்படித்தான். நான் வாயைத் திறந்தேன். திட்டத்தான்.

அப்போது மேஜைமேல் இருந்த பெட்டி பேசிற்று.

"ஏம்மா லூர்து, ஒங்கப்பா உள்ள வந்துட்டாரா? வாட்சுக்காகச் சண்டை போட வாராரு, பாத்துக்க. ஓவர்."

தங்கய்யாவின் குரல். தங்கய்யா எங்கே இருக்கிறார்? வெளியே. என் ஜீப்பில். என் பெட்டிக்கு முன்னால். செத்த பெட்டி.

நான் திறந்த வாயை மூடவில்லை. ஐந்து மாசமும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிற்று. கிளட்ச். முட்டு வலி. நெத்திலி. கீழே ரெண்டு பல். கோயில் பாட்டு, ஐயோ, அந்தக் கோயில் பாட்டு. அப்புறம் சில்வர் ஓக் மரத்தடி.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாட்ச் சரியா இருக்காப்பா?" என்றாள்.

நாலு வருஷத்துக்கு அப்புறம் முதல் கேள்வி. நான் வாட்சைப் பார்த்தேன்.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

ஐந்து மாசம் ஓயாமல் பேசினவனுக்கு, ஆள் எதிரே நின்றதும் அவ்வளவுதான். திரும்பி வெளியே வந்தேன். வண்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் புகுந்தேன். வேறு எங்கே போக முடியும்?

போல்ட் அசையவில்லை. நான் முறுக்கினதாயிற்றே. தொங்கினேன், இடித்தேன், எண்ணெய் விட்டேன். அப்போது ஒரு கை வந்து ஸ்பேனரில் நீளமாக ஒரு பைப்பைச் சொருகிற்று. அமலதாஸ்.

"யார் மாமா இத முறுக்கினது?"

"நான்தான்."

"அதான பாத்தேன்."

இரண்டு பேரும் பைப்பைப் பிடித்து இழுத்தோம். மேடும் பள்ளமும் சேர்ந்து இழுத்தது, அந்த ஸ்ட்ரைக்குக்கு அப்புறம் அப்போதுதான். பத்தொன்பது இழுப்பில் வரவில்லை. எண்ணினேன். இருபத்து மூன்றாவதில் வந்தது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும், இருபதாவதிலேயே வந்துவிட்டது.

சீட்டைத் தூக்கினால் அடியில் ஸ்பீக்கர் வயர். சீட்டுக் காலுக்கும் தகட்டுக்கும் நடுவில் பப்படம் மாதிரி நசுங்கிக் கிடந்தது. அந்தப் பின்னைச் செருகினால் பெட்டிக்குள் இருக்கிற சின்ன ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளுமாம். பெரியதற்கு வயர் செத்துவிட்டது. ஆக எனக்கு எதுவும் கேட்காது. நான் பேசுவது மட்டும் ஊரெல்லாம் கேட்கும். பிஸ்கட் அட்டையில் அவர் அதைத்தான் எழுதியிருந்தாரோ என்னவோ.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டேன். தலையைத் தூக்காமல்தான் கேட்டேன்.

"லாரியில கேக்கும். துரை ஜீப்புல கேக்கும். ஆபீஸ்ல சாயங்காலம் நாலஞ்சு பேர் டீயோட வந்துருவாங்க, மாமா."

"ஒருத்தன் சொல்லலயே."

"லூர்து விடல. சொன்னா அப்பா பேசறத நிறுத்திருவாருன்னா. துரை கிட்டயும் கேட்டு வெச்சுட்டா. இன்னிக்கும் இருபத்திரண்டுல ஆனை நிக்குதுன்னு லாரியில இருந்து சொல்லியிருந்தாங்க, சங்கு ஊதுனா நீங்க வண்டிய நிறுத்துவீங்கன்னுதான் ஊதச் சொன்னா. நீங்க ஓவர் சொன்னப்பல்லாம் அவ பதில் சொல்லுவா, மாமா. தெனமும். ஒங்களுக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சே."

வயரைப் பல்லால் சீவினேன். முறுக்கினேன். டேப் சுற்றினேன். தலைக்குப் பின்னால் கரகரவென்று வந்தது. ஐந்து மாசம் கழித்து. அப்புறம் அவள் குரல்.

"ஆஸ்பத்திரி ஜீப். கேக்குதாப்பா? ஓவர்."

நான் மைக்கை எடுத்தேன். தங்கய்யா பக்கத்திலிருந்து இறங்கி, அவசரமாக எங்கேயோ போகிற மாதிரி போனார். அமலதாஸ் பைப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றான். ஃபேக்டரிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள். எட்டிப் பார்த்தால் தெரியும். நான் மைக்கில்தான் கேட்டேன்.

"அன்னிக்கு, பிறந்தநாள் அன்னிக்கு, எப்படி வர்றதுன்னு தெரியலன்னு சொன்னேன். அதுக்கு நீ என்ன சொன்ன? ஓவர்."

இந்தத் தடவை நிஜமாகவே தலையைச் சாய்த்தேன்.

"'நடந்து வாங்கப்பா, நடுவுல எட்டு லயம்தான் இருக்கு'ன்னு சொன்னேன். ஓவர்."

அன்றைக்கு ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போனேன். எட்டு இல்லை, ஒன்பது லயம். அவளுக்கு எண்ணத் தெரியாது. பயலுக்கு மேலேயும் இரண்டு முளைத்திருந்தது. என் வாட்சைக் கடித்தான்.

அவ்வளவுதான் கதை. இப்போது அவள் வீட்டிலேயே இருக்கிறேன். அந்தப் பயல் கோயமுத்தூரில் படிக்கிறான், அவனைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

முப்பத்தொன்பது. பையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதோ, நாற்பது. உங்கள் போன் கத்துகிறது பாருங்கள், சொன்னேன் அல்லவா? என்னுடையதும் கத்துகிறது. இருங்கள், அவள்தான்.

"ம். நாப்பது ஏறியாச்சு... இல்ல, தல சுத்தல... சாப்பிட்டேன்... பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருக்காரு, ஆழியாத்துல இருந்து பேச்சு, பேச்சு, ஒரே பேச்சு. என்னய வாயத் தொறக்கவே விடல. ஓவர்."